கூடையா, பாடமா, பெட்டியா, வேலையா? அன்றாடப் பொருள்களோடு சிறு குழந்தைகள் கற்க நான்கு வழிகள்

மூடி, சாவி, கரண்டி, கூழாங்கல், பழைய பூட்டு என்று கைக்கு எட்டும் பொருள்களை வைத்தே ஒரு சிறு குழந்தைக்குக் கணக்கும் அறிவியலும் மொழியும் சேர்ந்தே வந்துவிடும் என்பதைப் பெற்றோரும் மழலையர் பள்ளி ஆசிரியர்களும் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். தயக்கம் அடுத்த படியில்தான் வருகிறது. பொருள்களைக் குழந்தையின் முன் வைத்துவிட்டு நாம் ஒதுங்கிவிட வேண்டுமா? ஒரு பொருளை எடுத்துக் கேள்வி கேட்டுப் பாடமாக நடத்த வேண்டுமா? இதற்கென்றே செய்த கருவிகளை வாங்கிவிடுவது மேலா? வீட்டு வேலையில் கூடச் சேர்த்துக்கொண்டாலே போதுமா? வாசகர்கள் பலர் கேட்பது இதைத்தான்.

நான்கையும் கலந்து செய்யலாம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் நேரமும் பொறுமையும் அளவோடுதான் இருக்கின்றன. எதற்கு முதலிடம் என்று முடிவு செய்துதான் ஆக வேண்டும். என் சார்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குழந்தை தானே கேட்ட கேள்வி, பெரியவர் கேட்ட கேள்வியைவிட அதிக தூரம் போகும் என்று நம்புகிறவன் நான். கீழே உள்ள எடைபோடுதலில் அந்த நம்பிக்கை இருக்கும். அதற்கு விலக்கான இடங்களும் உண்டு, அவற்றையும் மறைக்கப்போவதில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் வயது. எல்லாவற்றையும் வாயில் வைத்துப் பார்க்கும் குழந்தைக்கும், "ஏன்?" என்று நாள் முழுவதும் கேட்கும் குழந்தைக்கும் ஒரே வழி பொருந்தாது. இரண்டாவது, கேள்வி யாரிடமிருந்து பிறக்கிறது என்பது. மூன்றாவது, பெரியவரின் நேரம். இதில் பலர் ஏமாறுவது உண்டு. ஆயத்த நேரம், கூட இருக்கும் நேரம், எல்லாவற்றையும் கழுவி எடுத்துவைக்கும் நேரம் என்று மூன்று கணக்குகள் இருக்கின்றன. ஒரு வழி முதல் கணக்கில் மிச்சம் பிடித்து மூன்றாவது கணக்கில் செலவு வைக்கும். நான்காவது, ஒரு குழந்தையா ஒரு வகுப்பா என்பது.

ஐந்தாவது அளவுகோலைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்: பாடங்கள் அந்தப் பொருளிலிருந்து தாமாகவே கிளைக்கின்றனவா, அல்லது நாம் ஒட்டவைக்கிறோமா? பளபளப்பான ஓர் உலோகக் கரண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குழிந்த பக்கத்தில் குழந்தையின் முகம் தலைகீழாகத் தெரியும். புடைத்த பக்கத்தில் நேராகவும் சிறியதாகவும் தெரியும். விரல் நுனியைக் குழிவுக்கு மிக அருகில் கொண்டுபோனால் அது மட்டும் நேராகவும் பெரிதாகவும் ஆகிவிடும். அதே கரண்டியையும் ஒரு மரக்கரண்டியையும் வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் வைத்துத் தொட்டுப் பார்த்தால், உலோகத்தின் காம்புக்குச் சூடு ஏறியிருக்கும், மரத்தின் காம்பு அப்படியே இருக்கும். ஒரு கிண்ணம் நிறைய எத்தனை கரண்டி நீர் வேண்டும் என்று எண்ணும்போது அளவீடு தொடங்கிவிடுகிறது. சின்னக் கரண்டி என்றால் எண்ணிக்கை கூடும் என்பதைக் குழந்தை தானே கண்டுபிடிக்கிறது. அலகு சிறுத்தால் எண் பெருகும் என்ற கணக்கு அதில் அடங்கியிருக்கிறது. ஒரு நூலின் நடுவில் கரண்டியைக் கட்டி, நூலின் இரு முனைகளையும் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மேசையில் மோதவிட்டால் பெரிய மணியின் ஓசை கேட்கும். (நூல் இருப்பதால் இதைப் பெரியவர் அருகில் இருக்கும்போது மட்டும், ஐந்து வயதுக்கு மேல்.) ஒளி, வெப்பம், அளவை, ஒலி எல்லாமே கரண்டியின் உருவத்திலிருந்தும் அது செய்யப்பட்ட பொருளிலிருந்தும் வருகின்றன. கரண்டியின் படத்துக்கு வண்ணம் தீட்டச் சொல்லி "ஓவியமும் ஆயிற்று" என்று குறித்துக்கொள்வது ஒட்டவைத்தது. கரண்டியில் தெரியும் வளைந்த முகத்தைப் பார்த்து வரையச் சொல்லியிருந்தால் அது கிளைத்தது.

## முதல் வழி: கூடையை வைத்துவிட்டு அருகில் அமர்வது

பிரிட்டனைச் சேர்ந்த எலினோர் கோல்ட்ஷ்மீட் (1910–2009) மழலையர் கல்வியில் கொண்டுவந்த புதையல் கூடை இந்த வழிக்கு நல்ல எடுத்துக்காட்டு. உட்காரத் தொடங்கிவிட்ட, இன்னும் தவழாத குழந்தையின் முன் கைப்பிடியில்லாத, தாழ்வான, வட்டமான ஒரு கூடை. அதில் மரம், உலோகம், துணி, தோல், தூரிகை, பெரிய சிப்பி என்று தொடுவதற்கும் மணப்பதற்கும் எடைக்கும் வேறுவேறான பொருள்கள். பிளாஸ்டிக் பொம்மைகளுக்கு அதில் இடமில்லை. எல்லாம் ஒரே வழவழப்பு, ஏறக்குறைய ஒரே எடை என்பதால். பெரியவர் பக்கத்தில் அமர்ந்திருப்பார். எடுத்துக் கொடுக்க மாட்டார், பாராட்டவும் மாட்டார். நடக்கத் தொடங்கிய பிறகு இதுவே தகர டப்பா, சங்கிலி, வளையம், மூடி எனப் பொருள்கள் பெருகிய விளையாட்டாக விரியும். போடுவது, கொட்டுவது, கோப்பது, அடுக்குவது என்று குழந்தை தன் போக்கில் சோதிக்கும்.

சற்றுப் பெரிய குழந்தைகளுக்கு இதே எண்ணத்தை வேறு வாசலில் கொண்டுவந்தவர் பிரிட்டிஷ் கலைஞர் சைமன் நிக்கல்சன். கட்டட வடிவமைப்பாளர்களும் கலைஞர்களும் மட்டுமே படைக்கும் இன்பத்தை அனுபவித்துவிட்டு, முடிந்துபோன இடங்களைக் குழந்தைகளிடம் ஒப்படைக்கிறார்கள் என்பது அவர் 1971இல் எழுப்பிய குறை. நகர்த்தவும் சேர்க்கவும் பிரிக்கவும் முடிகிற உதிரிப் பொருள்கள் எவ்வளவு அதிகமோ, கண்டுபிடிக்கும் வாய்ப்பும் அவ்வளவு அதிகம் என்று அவர் வாதிட்டார்.

கேள்வி முழுக்க முழுக்கக் குழந்தையுடையது என்பது இந்த வழியின் பெரும்பலம். ஆயத்தமும் குறைவு. மறைந்திருக்கும் செலவுகள் வேறு. ஒவ்வொரு முறையும் பொருள்களைக் கழுவ வேண்டும், விரிசலும் துருவும் பார்க்க வேண்டும், பழகிச் சலித்தவற்றை மாற்ற வேண்டும். பேசாமல் உட்கார்ந்திருப்பது அதைவிடக் கடினம். "இது என்ன? இது என்ன நிறம்?" என்று நம் வாய் துடிக்கும். கைப்பேசியை எடுத்துவிட்டால் குழந்தையின் கவனமும் நம்மோடு போய்விடும்.

இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். சொற்கள் கூடையிலிருந்து தாமாக எழுந்து வருவதில்லை. கனமான சங்கிலி சரசரவென்று டப்பாவுக்குள் சரிந்து விழுவதை ஒன்றரை வயதுக் குழந்தை மறுபடி மறுபடி செய்து மகிழும். அந்தச் "சரசர" என்ற சொல்லை யாராவது பக்கத்தில் சொன்னால்தான் அது மொழிக்குள் வரும். ஆகவே, குழந்தை ஆழ்ந்திருக்கும்போது மௌனம், அது தலைநிமிர்ந்து நம்மைப் பார்க்கும்போது ஓரிரு சொற்கள் என்று வைத்துக்கொள்வதே என் பரிந்துரை.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நான்கு வழிகளில் இதற்கு ஈடு இல்லை. நான்கு வயதுக்குப் பிறகு வெறும் கூடை போதாது. நீர், மணல், சாய்வுப் பலகை, தராசு என்று பொருள்கள் ஏதாவது செய்வதற்கு ஓர் இடம் வேண்டும்.

## இரண்டாம் வழி: ஒரே பொருளைப் பாடமாக எடுப்பது

சொல்லுக்கு முன் பொருள், கேட்பதற்கு முன் பார்ப்பது என்று சுவிட்சர்லாந்தின் பெஸ்டலோசி (1746–1827) வற்புறுத்தினார். அதிலிருந்து வளர்ந்த 'பொருட்பாடம்' 19ஆம் நூற்றாண்டில் பல நாட்டுப் பள்ளிகளுக்குப் பரவியது. பரவிய இடங்கள் பலவற்றில் அதற்கு நேர்ந்ததை இன்றைய பெற்றோரும் தெரிந்துகொள்வது நல்லது. ஆசிரியர் ஒரு கண்ணாடித் துண்டைக் காட்டுவார்; குழந்தைகள் "ஒளிபுகும், எளிதில் உடையும், வழவழப்பானது" என்று ஒரே குரலில் ஒப்பிப்பார்கள். பொருள் கையில் இருந்தது, பார்த்தல் போய்விட்டது. மனப்பாடத்தை ஒழிக்க வந்த முறையே மனப்பாடமாகிப் போனது. இந்த வழியின் மிகப் பெரிய மறைமுகச் செலவு இதுதான். இன்றும் அது குறையவில்லை. விடை தெரிந்தவர் கேட்கும் கேள்வியைக் குழந்தைகள் உடனே அடையாளம் கண்டுகொள்கிறார்கள். பொருளைப் பார்ப்பதை விட்டுவிட்டு நம் முகத்தைப் பார்த்து விடை தேடத் தொடங்கிவிடுவார்கள்.

சரியாகச் செய்தால் இதன் வளம் தனி. மூடிகளை எடுத்துக்கொள்வோம். புட்டி மூடி, டப்பா மூடி, பேனா மூடி, பாத்திர மூடி என ஒரு தட்டு நிறையச் சேர்த்து ஐந்து வயதுக் குழந்தையிடம் கொடுத்து, "எவையெல்லாம் ஒன்றாகப் போகும்?" என்று மட்டும் கேளுங்கள். முதலில் நிறம் வரும், அப்புறம் அளவு. சிறிது நேரத்தில் திருகுகிறவை, அழுத்துகிறவை, சும்மா மேலே உட்காருகிறவை என்று ஒரு பிரிவு வரலாம். அது வரும் நேரத்தில் குழந்தை பொறியியலுக்குள் வந்துவிட்டது. திருகு மூடியின் உட்புறத்தில் விரலை ஓட்டினால் மேடு சுற்றிச் சுற்றி ஏறுவது தெரியும். புட்டியின் கழுத்திலும் அதற்கு இணையான மேடு இருக்கும். எந்தப் பக்கம் சுற்றினால் இறுகும்? எல்லா மூடிக்கும் அதே பக்கமா? மூடியைத் தாளில் வைத்துச் சுற்றி வரைந்தால் வட்டம் கிடைக்கிறது. அதன் விளிம்பில் ஒரு புள்ளி வைத்து, ஒரு முழுச் சுற்று உருட்டி, உருண்ட தூரத்தைக் குறித்துக்கொண்டால், அந்த நீளத்தில் அதே மூடியைக் குறுக்காக மூன்று முறை வைத்து இன்னும் கொஞ்சம் இடம் மிச்சமிருக்கும். சின்ன மூடிக்கும் பெரிய மூடிக்கும் இதே கதைதான். வட்டத்தின் சுற்றளவு விட்டத்தைப் போல எத்தனை மடங்கு என்பதைக் குறிக்கும் 'பை' (π) என்ற பெயர் பல ஆண்டுகள் கழித்து வரட்டும். அந்தக் "கொஞ்சம் மிச்சம்" இப்போதே கைக்கு வந்துவிடுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. குழந்தையின் நிலைக்கு முந்திக்கொண்டு ஓடக் கூடாது. ஒரே அளவு நீரை அகலக் கிண்ணத்திலிருந்து உயரமான குவளைக்கு ஊற்றினால், சின்னக் குழந்தைகள் பெரும்பாலும் குவளையில்தான் அதிகம் என்று சொல்வார்கள். இதை ஆராய்ந்தவர் சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் பியாஜே. ஏறக்குறைய ஏழு வயதுவாக்கில்தான் அளவு மாறவில்லை என்பது பிடிபடுகிறது என்று அவர் கண்டார். நான்கு வயதுக் குழந்தையைத் திருத்தி, "சமம்" என்று சொல்லவைத்தால் சொல்லிவிடும்; நம்பாது. ஊற்றித் திரும்ப ஊற்றிப் பார்க்க விடுவதே அங்கே செய்யக்கூடியது.

இருபது, முப்பது குழந்தைகள் இருக்கும் வகுப்புக்கு இந்த வழியே பொருத்தம். ஆளுக்கொரு மூடி, ஆளுக்கொரு இலை என்று கொடுத்துவிட்டால், எல்லோரும் ஒன்றைப் பற்றிப் பேச முடிகிறது. ஒருவர் கண்டதை இன்னொருவர் மறுக்க முடிகிறது. அந்த விவாதம் வீட்டில் ஒற்றைக் குழந்தைக்குக் கிடைக்காது.

## மூன்றாம் வழி: இதற்கென்றே செய்த கருவிகள்

ஜெர்மனியில் 1837இல் பாட் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் சிறு குழந்தைகளுக்கான நிலையத்தைத் தொடங்கிய ஃபுரோபெல், வண்ண நூற்பந்துகள், மரக் கோளம், உருளை, கனசதுரம் என்று வரிசையாகக் கருவிகளை அமைத்தார். ரோமில் 1907இல் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்த மருத்துவர் மரியா மாண்டிசோரியின் கருவிகள் இன்னும் துல்லியமானவை. அவருடைய இளஞ்சிவப்புக் கோபுரத்தில் பத்துக் கனசதுரங்கள். பக்கம் 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை. நிறம் ஒன்று, வடிவம் ஒன்று, மாறுவது அளவு மட்டுமே.

இந்தத் தூய்மை வீட்டுப் பொருள்களிடம் இல்லை. மூடிகளில் நிறமும் அளவும் எடையும் ஒன்றாக மாறுகின்றன. எதைக் கவனிப்பது என்று சில குழந்தைகள் திணறிவிடுவார்கள். அவர்களுக்கு ஒரு பண்பை மட்டும் தனித்துக் காட்டும் கருவி பெரிய ஆறுதல். பிழையைக் கருவியே காட்டிக்கொடுக்கும் என்பது இன்னொரு பலம். குமிழ் வைத்த உருளைகளைத் தவறான குழியில் போட்டால் கடைசியில் ஒன்று பொருந்தாமல் நிற்கும், பெரியவர் வாய்திறக்க வேண்டியதில்லை.

விலையைப் பற்றி எல்லோரும் யோசிக்கிறார்கள். அதற்குப் பின்னால் வருபவற்றை யோசிப்பதில்லை. ஒரு துண்டு தொலைந்தால் தொகுப்பே குறைப்பட்டுப்போகிறது. எனவே பெரியவர் காவலுக்கு நிற்கிறார், "அதைத் தரையில் போடாதே" என்ற குரல் அடிக்கடி கேட்கிறது. வைக்க அலமாரி வேண்டும். எப்படிக் காட்டித் தருவது என்று பெரியவரும் கற்க வேண்டும். மாண்டிசோரி முறையில் அதற்கென்று ஆசிரியர் பயிற்சியே உண்டு. பலரும் கவனிக்காத இன்னொன்று: பயன்படுத்த ஒரே ஒரு சரியான முறைதான் உண்டு என்ற எண்ணம் அந்தக் கருவிகளோடு எளிதாக ஒட்டிக்கொள்கிறது.

மாதந்தோறும் வீட்டுக்கு வரும் செயல்பாட்டுப் பெட்டிகளை நான் இந்த வகையில் கடைசியில்தான் வைப்பேன். அவற்றில் பல, படத்தில் உள்ளபடி ஒட்டி முடித்ததும் முடிந்துபோகின்றன. மறுநாள் திரும்பிப் போக அங்கே ஒன்றும் இருப்பதில்லை.

## நான்காம் வழி: வேலையில் சேர்த்துக்கொள்வது

துவைத்த துணியைக் காயவைக்கும்போது மூன்று வயதுக் குழந்தையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலுறைகளுக்கு இணை தேடுவது வகைப்படுத்தல். சிறியது, நடுத்தரம், பெரியது என்று அடுக்குவது வரிசைப்படுத்தல். துண்டைப் பாதியாக மடித்து, மறுபடி பாதியாக மடித்தால் நான்கு மடிப்பு. பின்னத்தின் தொடக்கம் அங்கே இருக்கிறது. கைக்குட்டை ஏன் கனத்த துண்டுக்கு முன்பே காய்ந்துவிட்டது? விரித்துப் போட்டதும் சுருட்டிப் போட்டதும் ஒரே நேரத்தில் காயுமா? ஒரே மாதிரி இரண்டு துணிகளை நனைத்து, ஒன்றை விரித்தும் ஒன்றை உருட்டியும் போட்டுப் பார்த்தால், மற்றவற்றை மாற்றாமல் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதிக்கும் அறிவியல் முறை நடந்துவிட்டது.

இந்த வழிக்கு ஆயத்தம் ஏறக்குறைய இல்லை, பொருள் வாங்கவும் வேண்டாம். குழந்தைக்கு இதில் கிடைக்கும் மதிப்பு வேறெதிலும் கிடைப்பதில்லை. அது செய்வது உண்மையான வேலை, பிறருக்குப் பயன்படுகிற வேலை. மாண்டிசோரியே ஊற்றுதல், மடித்தல், பொத்தான் போடுதல், துடைத்தல் ஆகியவற்றைத் தம் கல்வியின் தொடக்கத்தில் வைத்தார் என்பதை, அவர் பெயரால் கருவிகளை வாங்கிக் குவிப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

செலவு நேரத்தில் இருக்கிறது. கால் மணி நேர வேலை அரை மணி நேரமாகும், தரை நனையும். அவசர வேளையில் இதைச் செய்ய முயன்றால் இருவருக்கும் எரிச்சல்தான் மிஞ்சும். அடுத்த குறை, கற்றல் பெயரில்லாமல் கடந்துபோய்விடுவது. குழந்தை அளந்தது, ஒப்பிட்டது, ஊகித்தது எல்லாம் உண்மை. ஆனால் "இது அதைவிட இரண்டு மடங்கு கனம்" என்று யாரும் சொல்லவில்லை என்றால் அது கையின் அறிவாக மட்டும் நின்றுவிடும். வேலையினூடே நாம் இயல்பாகப் பேச வேண்டும். குழந்தை போதும் என்று எழுந்து போனால் போக விட வேண்டும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | கூடை | ஒரு பொருள் பாடம் | கருவிகள் | வேலை |
|---|---|---|---|---|
| பொருத்தமான வயது | 6 மாதம் முதல் 2 வயது. நீர், மணல் சேர்த்தால் அதற்கு மேலும் | 4 வயதுக்கு மேல் | 2½ முதல் 6 | 2 வயதுக்கு மேல் |
| கேள்வி யாருடையது | குழந்தையுடையது | பெரும்பாலும் பெரியவருடையது | கருவியுடையது | வேலையிலிருந்து எழுவது |
| ஆயத்தம் | குறைவு | அதிகம் | வாங்கும்போது அதிகம், பிறகு குறைவு | ஏறக்குறைய இல்லை |
| எடுத்துவைத்தல் | அதிகம் | நடுத்தரம் | நடுத்தரம், துண்டுகளை எண்ண வேண்டும் | வேலையோடு சேர்ந்தது |
| பாடங்கள் கிளைப்பது | புலன், இயக்கம் நிறைய. மொழி குறைவு | எல்லாத் திசையிலும் | ஒன்று அல்லது இரண்டு, ஆழமாக | அளவை, அறிவியல், மொழி |
| பெரிய வகுப்புக்கு | கடினம் | மிகப் பொருத்தம் | கருவிகள் போதுமான அளவு இருந்தால் | சிறு குழுக்களாக |
| மறைந்த செலவு | மௌனமாக இருப்பது, பொருள்களைச் சோதிப்பது | ஒப்பித்தலாக மாறும் ஆபத்து | இடம், காவல், தொலையும் துண்டுகள் | நேரம், பொறுமை |

## எந்த வழியிலும் விட்டுக்கொடுக்கக் கூடாதவை

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் கைக்கு எட்டும் எந்தப் பொருளும் தொண்டையில் அடைக்கும் அளவுக்குச் சிறியதாக இருக்கக் கூடாது. பொம்மைப் பாதுகாப்புச் சோதனையில் பயன்படும் உருளையின் விட்டம் சுமார் 3.2 செ.மீ. அதற்குள் முழுதாக அடங்கிவிடும் எதையும் விலக்குங்கள். மேலே சொன்ன பேனா மூடியும் சின்னக் கூழாங்கல்லும் இதில் சேரும்.

பொத்தான் மின்கலம் உள்ள பொருள்களை ஆராய்ச்சிப் பொருளாகக் கொடுக்கவே வேண்டாம். உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே கடுமையான புண்ணை உண்டாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். சிறு காந்தங்களும் அப்படியே. ஒன்றுக்கு மேற்பட்டவற்றை விழுங்கினால் அவை குடல் மடிப்புகளுக்கு இடையே ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நீர் வைத்து விளையாடும்போது ஆழம் சில சென்டிமீட்டர்தானே என்று அடுத்த அறைக்குப் போகக் கூடாது.

## உங்கள் நிலைக்கு எது

குழந்தை இன்னும் நடக்கவில்லை என்றால் கூடை. இதில் எனக்கு ஐயமே இல்லை.

வேலைக்குப் போய்த் திரும்பும் பெற்றோர், மாலையில் கிடைப்பது சிறிது நேரம், குழந்தைக்கு மூன்று வயது என்றால் நான்காம் வழியை முதலில் வையுங்கள். எப்படியும் செய்ய வேண்டிய வேலையில் ஒன்றை, அவசரமில்லாத ஒன்றை, குழந்தையோடு செய்வதற்கென்று ஒதுக்குங்கள். வார இறுதியில் மூடித் தட்டு போன்ற ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் போதும். கருவி வாங்க வேண்டியதில்லை.

வகுப்பு நடத்துகிற ஆசிரியருக்கு இரண்டாம் வழி, ஒரு நிபந்தனையோடு: முதல் நாள் கேள்வி எதுவும் கேட்காமல் பொருளைக் கையில் கொடுத்துவிட்டுக் குழந்தைகள் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த நாள் கேள்விகளை அந்தப் பட்டியலிலிருந்து எடுங்கள். கேள்வி மறுபடி குழந்தைகளுடையதாகிவிடும்.

பல பொருள்களைப் பார்த்தாலே கலங்கிப்போகிற குழந்தை, அல்லது ஒழுங்கான படிகளில் மனம் நிறைகிற குழந்தை என்றால் ஒன்றிரண்டு நல்ல கருவிகளுக்குச் செலவு செய்வதில் தவறில்லை. பத்து வாங்குவதைவிட, பல மாதங்கள் திரும்பத் திரும்ப எடுக்கக்கூடிய ஒன்று மேல். கனசதுர மரக்கட்டைகள் அதற்கு முதல் தேர்வு. அவற்றுக்குச் சரியான முறை என்று ஒன்று இல்லை.

கடைசியாக, அதிகம் கேட்கப்படும் சிக்கல்: ஒரு வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு குழந்தைகள். இருவருக்கும் பொதுவாக ஒரு கூடை வைத்தால் பெரியவன் சலித்துக்கொள்வான், சின்னதற்கு ஆபத்து. தரை சின்னக் குழந்தைக்கு, மேசை பெரிய குழந்தைக்கு என்று உயரத்தால் பிரியுங்கள். கூடையில் எதைப் போடலாம் என்று சோதிக்கும் பொறுப்பைப் பெரிய குழந்தையிடமும் கொடுங்கள்: அந்த 3.2 செ.மீ. விட்டத்துக்குத் தாளைச் சுருட்டி ஒரு குழாய் செய்து, எது உள்ளே போகிறது, எது போகவில்லை என்று அதுவே பிரிக்கட்டும். இறுதி முடிவு உங்களுடையதாகவே இருக்க வேண்டும். மேசையில் பிரித்து முடித்ததை நீங்கள் ஒருமுறை பார்த்த பிறகே கூடை தரைக்கு இறங்கட்டும்.